வலைத்தளங்கள் குடியிருந்த வரலாறு

வலைத்தளம் ஒன்றை ஆரம்பிக்க எண்ணுகிறவர், அதன் பெயரைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் நெடுநேரம் யோசிக்கிறார். அது எந்த யந்திரத்தில் குடியிருக்கப் போகிறது என்ற கேள்வியை மட்டும் கடைசி நிமிஷத்துக்கு ஒதுக்கி வைத்து, வாடகை எங்கே குறைவு என்று விசாரித்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார். ஆனால் எந்த வலைத்தளமும் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு சர்வரின் வட்டில் கோப்புகளாகக் கிடப்பதுதான். அந்த சர்வர் இரவும் பகலும் அணையாமல் இயங்க வேண்டும். அதன் மின்சாரத்துக்கு ஒருவர் பணம் கட்ட வேண்டும். அது பழுதானால் ஒருவர் எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஒருவர் யார், எந்த லாபத்தைக் கருதி இந்தப் பொறுப்பை ஏற்றார், எவ்வளவு காலத்துக்குச் சுமப்பார் என்று கேட்பதுதான் வெப் ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுக்கும் காரியத்தின் சாரம். இந்தத் தொழிலுக்கு முப்பது வருஷத்துக்குச் சற்று மேற்பட்ட சரித்திரமே உண்டு என்றாலும், அதற்குள்ளாகவே அது எத்தனையோ குடியேற்றங்களையும் வெளியேற்றங்களையும் கண்டுவிட்டது. அவற்றை வரிசையாகப் பார்த்துவிட்டால், விளம்பரங்கள் சொல்லாத சில உண்மைகள் தாமே விளங்கும்.

ஜெனீவா நகரையடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தச் சரித்திரம் ஆரம்பமாகிறது. அங்கே பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ என்ற ஆங்கிலேயர் 1989 மார்ச் மாதத்தில் தம் யோசனையை எழுதிக் கொடுத்து, 1990ஆம் வருஷம் முடிவதற்குள் உலகின் முதல் வலை சர்வரை ஒரு நெக்ஸ்ட் கம்ப்யூட்டரில் இயக்கிக் காட்டினார். கறுப்பு நிறக் கனசதுரப் பெட்டி அது. இந்த யந்திரம் சர்வராக இருப்பதால் இதை அணைக்கக் கூடாது என்று கையால் எழுதிய சீட்டு ஒன்று அதன்மீது ஒட்டப்பட்டிருந்தது. எச்சரிக்கை கண்ணில் படவேண்டுமென்பதற்காகச் சிவப்பு மை உபயோகிக்கப்பட்டிருந்தது. சிக்கன புத்தியுள்ள எவரேனும் மாலையில் வீடு திரும்புமுன் அந்தப் பெட்டியை நிறுத்திவிட்டிருந்தால், அன்றைக்கு உலகத்தில் இருந்த வலை முழுவதும் அந்த க்ஷணமே மறைந்து போயிருக்கும். 1991 டிசம்பரில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு நேர்முடுக்கி ஆய்வு மையம், ஐரோப்பாவுக்கு வெளியே முதல் சர்வரை நிறுவியது. 1993 ஏப்ரல் 30ஆம் தேதி செர்ன் நிலையம் தன் வலை மென்பொருளை யாவரும் கட்டணமின்றி உபயோகிக்கலாம் என்று உலகத்துக்கே உரிமையாக்கியது.

அந்த ஆதி காலத்தில் வாடகை என்ற பேச்சே எழவில்லை. யந்திரமும் ஆராய்ச்சி நிலையத்துடையது, பக்கங்களும் ஆராய்ச்சிக்கானவை. ஆயினும் அங்கேகூடப் பாதுகாப்பு பூரணமாக இல்லை என்பதைப் பிற்காலம் காட்டிற்று. 2013ஆம் வருஷத்தில் செர்ன் நிலையம் உலகின் முதல் வலைத்தளத்தை அதன் பழைய முகவரியிலேயே மறுபடியும் உயிர்ப்பிக்க முற்பட்டபோது, மிகப் பழைய வடிவம் கைக்கு அகப்படாமல், 1992ஆம் வருஷத்துப் பிரதியொன்றைக் கொண்டு திருப்தியடைய நேர்ந்தது. அணைக்கக் கூடாதென்று சீட்டு ஒட்டிய அக்கறை யந்திரத்தைக் காத்தது. அதில் எழுதியவற்றின் பழைய படிகளை எடுத்து வைக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த கட்டத்தில் சர்வகலாசாலைகள் இடம் கொடுத்தன. மாணவருக்கும் ஆசிரியருக்கும் கல்லூரியின் கம்ப்யூட்டரில் கணக்கு உண்டு. அந்தக் கணக்கின் ஒரு மூலையில் சொந்தப் பக்கங்களை வைத்துக்கொள்ள அனுமதியும் உண்டு. மாணவர் பட்டம் பெற்று வெளியேறினால் பக்கங்களும் வெளியேற வேண்டியதுதான். இந்த ஏற்பாட்டின் சலுகையையும் சங்கடத்தையும் ஒருங்கே அனுபவித்தவர்களில் பிரசித்தமானவர்கள், ஸ்டான்போர்டில் ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ என்ற இருவர். வலையில் கண்ட நல்ல தளங்களையெல்லாம் இனம்பிரித்து 1994இல் அவர்கள் தொகுத்த பட்டியலே யாஹூ என்று பின்னால் பெயர் பெற்றது. யாங்கின் கம்ப்யூட்டருக்கு அகேபோனோ என்றும், ஃபிலோவின் கம்ப்யூட்டருக்கு கோனிஷிகி என்றும் புகழ்பெற்ற சுமோ மல்லர்களின் நாமங்களைச் சூட்டியிருந்தார்கள்; பட்டியல் முதலாவதிலும், அதைத் தேடித் தரும் மென்பொருள் இரண்டாவதிலும் இருந்தன. அந்த வருஷத்தின் இலையுதிர் காலத்திலேயே ஒரே நாளில் பத்து லட்சம் கோரிக்கைகள் வந்து குவிந்தன. மல்லர்களின் பெயரைத் தாங்கிய அந்த யந்திரங்களும், சர்வகலாசாலையின் இணைப்புகளும் அந்தப் பாரத்தைத் தாங்கமாட்டாமல் திணறின. 1995ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியின் மார்க் ஆண்ட்ரீசன், தங்கள் பெரிய சர்வர்களுக்குக் குடிபெயரும்படி அவர்களை அழைத்தார். யாஹூ அங்கே சென்று தங்கியது. பிற்காலத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு இடம் கொடுத்துப் பின்பு காலி செய்யச் சொல்லப் போகும் ஸ்தாபனம், தன் குழந்தைப் பிராயத்தில் பிறர் இல்லத்தில் அடைக்கலம் புகுந்த ஸ்தாபனம் என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கல்லூரிக் கணக்கில்லாத பொதுஜனங்களுக்கு வலையில் இடம் வேண்டுமென்ற ஆவல் பெருகிய காலத்தில்தான், டேவிட் போனட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் 1994 நவம்பரில் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட் என்ற பெயரில் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். பின்னர் ஜியோசிட்டீஸ் என்று உலகப் பிரசித்தி பெற்றது இதுவே. 1995ஆம் வருஷத்தின் மத்தியிலிருந்து, கேட்டவர்க்கெல்லாம் இரண்டு மெகாபைட் இடத்தை இலவசமாகக் கொடுப்பதென்று அவர்கள் தீர்மானித்தார்கள். இடத்தை வெறும் இடமாகக் கொடுக்காமல், கற்பனையான ஒரு மாநகரத்தை நிர்மாணித்து, அதைப் பேட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பேட்டைக்கும் ஒரு விஷயத்தை ஒதுக்கியதில் அவர்களுடைய மேதை விளங்கிற்று. தத்துவமும் இலக்கியமும் கல்வியும் ஏதென்ஸ் பேட்டையில், வியாபாரம் வால் ஸ்ட்ரீட்டில், சினிமா ஹாலிவுட்டில், குடும்பமும் ஊர்ப்பாசமும் ஹார்ட்லாண்டில், விஞ்ஞானக் கதைகள் ஏரியா 51இல். வந்தவர் தமக்குப் பிடித்த பேட்டைக்குள் நுழைந்து, எந்த எண் காலியாக இருக்கிறதென்று பார்த்து, ஒரு மனையை எடுத்துக்கொள்வார். ஜியோசிட்டீஸ் பெயரும், பேட்டையின் பெயரும், அந்த எண்ணும் சேர்ந்து அவருடைய விலாசமாகிவிடும். அங்கே குடியேறியவர்களுக்கு முன்னோடிக் குடியானவர் என்ற பொருளில் ஹோம்ஸ்டெடர் என்று பெயர். புதிதாக வந்தவருக்குப் பக்கம் எழுதக் கற்றுக் கொடுக்கவும், பேட்டையின் ஒழுங்கைக் கவனிக்கவும் பழைய குடிகளிலிருந்தே தொண்டர்கள் முன்வந்தார்கள்.

அந்தப் பக்கங்களை இன்று பார்க்கிறவர்கள் அவற்றின் மின்னும் எழுத்துக்களையும், பின்னணியில் நிறைந்த நட்சத்திரங்களையும், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அறிவிக்கும் சிறு சித்திரங்களையும் பார்த்துப் புன்னகை செய்யக்கூடும். ஆனால் அச்சு யந்திரத்தையோ பத்திரிகாசிரியரின் தயவையோ எதிர்பாராமல், சாமானிய மனிதர் தம் ஞானத்தையும் பிரியத்தையும் உலகத்தின் முன்னே வைப்பதற்கு அதற்கு முன் எந்த யுகத்திலும் அத்தகைய சாதனம் வாய்த்ததில்லை. நோய் ஒன்றோடு போராடியவர் தம் அனுபவத்தையும், பழைய ரயில் என்ஜின்களை நேசித்தவர் தாம் சேகரித்த தகவல்களையும், பிள்ளையை இழந்த தாய் அதன் நினைவுகளையும் அங்கே எழுதி வைத்தார்கள். 1999ஆம் வருஷத்தின் தொடக்கத்தில் ஜியோசிட்டீஸ் வலையிலேயே மூன்றாவது பெரிய கூட்டத்தை ஈர்க்கும் ஸ்தலமாயிற்று.

இலவசமாக இடம் கிடைத்த அதே காலத்தில், பணம் கொடுத்துப் பெறும் இடத்தின் விலையும் வெகுவாகக் குறைந்தது. இதற்குக் காரணமான மாறுதல் மிகச் சிறியது. பிரவுசர் ஒரு சர்வரிடம் கோரிக்கை அனுப்பும்போது, இன்ன பக்கத்தைக் கொடு என்று பாதையை மட்டும் சொல்லுவதே ஆதி வழக்கம். எந்தத் தளத்தின் பக்கம் என்று அது சொல்லாது. ஆகையால் ஒரே யந்திரத்தில் இருபது தளங்களை வைக்க விரும்பினால், அவற்றைப் பிரித்தறிவதற்காக இருபது தனித்தனி ஐபி எண்களை வாங்க வேண்டும். உலகம் முழுவதற்கும் சேர்த்து அந்த எண்கள் 430 கோடிக்கும் சற்றுக் குறைவு. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறை, ஒவ்வொரு கோரிக்கையிலும் தளத்தின் பெயரைச் சொல்லும் ஹோஸ்ட் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டுமென்று வகுத்தது. அந்த ஒரு வரியின் பலனாக, ஒரே எண்ணையும் ஒரே யந்திரத்தையும் நூற்றுக்கணக்கான தளங்கள் பங்கிட்டுக்கொள்வது சாத்தியமாயிற்று. 1995இல் தோன்றிய அபாச்சி என்ற இலவச சர்வர் மென்பொருளும், கம்ப்யூட்டர் சாஸ்திரம் பயிலாதவரும் பொத்தான்களை அழுத்தித் தம் இடத்தைத் தாமே நிர்வகிக்க உதவிய சீபேனல் போன்ற சாதனங்களும் சேர்ந்துகொள்ளவே, ஷேர்டு ஹோஸ்டிங் என்ற வியாபாரம் உலகெங்கும் விஸ்தாரமாகப் பரவியது.

இந்த ஏற்பாட்டின் குணமும் குற்றமும் ஒரே மூலத்திலிருந்து பிறப்பவை. ஒண்டுக் குடித்தனத்தில் ஒரு குடும்பத்துக்கு விருந்தாளிகள் வந்தால் கிணற்றடியில் மற்றக் குடும்பங்கள் காத்திருக்க நேருமல்லவா? அவ்வாறே பகிர்ந்துகொண்ட சர்வரில் ஒரு தளத்துக்குக் கூட்டம் திரண்டால் மற்றத் தளங்கள் மந்தமாகும். வரம்பற்ற இடம், வரம்பற்ற போக்குவரத்து என்று சில கம்பெனிகள் வாக்களிப்பதும், பெரும்பாலோர் மிகச் சிறிதளவையே உபயோகிப்பார்கள் என்ற கணக்கை நம்பித்தான். உண்மையிலேயே அதிகமாக உபயோகிக்கத் தொடங்குகிறவருக்கு, ஒப்பந்தத்தின் உள்ளே பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகள் அப்போதுதான் கண்ணுக்குப் புலப்படும்.

இலவச இடங்களுக்கு வேறு விதமான கிரயம் இருந்தது. ட்ரைபாட் என்ற இலவச ஹோஸ்டிங் கம்பெனியில் பணியாற்றிய ஈத்தன் ஸக்கர்மேன், பயனர்களின் பக்கங்களோடு விளம்பரம் நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதை விளம்பரதாரர்கள் விரும்பாததால், விளம்பரத்தைத் தனிச் சாளரத்தில் திறக்கும் நிரலை எழுதினார். உலகத்தையே எரிச்சலூட்டிய பாப்-அப் விளம்பரம் இவ்வாறு பிறந்தது. 2014இல் அவரே அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். ஜியோசிட்டீஸ் 1998 ஜூன் மாதத்தில், குடிகளின் பக்கங்கள்மேல் தன் முத்திரை எப்போதும் மிதந்துகொண்டிருக்குமாறு செய்தது. 1999 ஜனவரியில் யாஹூ, சுமார் 357 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்து ஜியோசிட்டீஸை வாங்குவதாக அறிவித்தது. அந்த வருஷம் ஜூன் மாத இறுதியில் வந்த புதிய நிபந்தனைகள், குடிகள் எழுதியவற்றின்மேல் நிரந்தரமான உரிமைகளைக் கம்பெனிக்குக் கொடுக்கும்படி அமைந்திருந்தன. குடிகள் கொதித்தெழுந்தார்கள், பலர் தம் பக்கங்களை அழித்துவிட்டு வெளியேறினார்கள், சில நாட்களில் யாஹூ பின்வாங்கிற்று. இடம் கொடுப்பவருக்கும் எழுதுபவருக்கும் இடையிலுள்ள சம்பந்தம் என்ன என்ற பிரச்னை முதன்முறையாகப் பெருந்திரளான மக்களின் மனத்தில் எழுந்தது அப்போதுதான்.

இந்தச் சரித்திரத்தில் தமிழுக்கும் பங்கு உண்டு. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15ஆம் தேதி பொதுமக்களுக்கு இணைய சேவை திறக்கப்பட்ட பிறகு, உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் வாழ்ந்த தமிழர் பலர் ஜியோசிட்டீஸ் முதலிய இலவச இடங்களில் தமிழ்ப் பக்கங்களை அமைத்தார்கள். யுனிகோடு வழக்கத்துக்கு வருவதற்கு முந்திய அந்நாட்களில், ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்துக்கொண்டு, முதலில் இதை இறக்கிக்கொள்ளுங்கள், பிறகு படியுங்கள் என்று வாசகரைக் கேட்டுக்கொள்ளும். இடம் பறிபோனால் பக்கத்தோடு எழுத்துருவும் போயிற்று. எவரேனும் பக்கத்தைப் பிரதியெடுத்து வைத்திருந்தாலும், உரிய எழுத்துரு இன்றி அதைத் திறப்பவர் கண்ணில் படுவது அர்த்தமற்ற ரோமன் குறிகளின் திரளே. அதே காலத்தில், சுவிட்ஸர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்களின் தலைமையில் 1998 பொங்கல் திருநாளில் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம், பல தேசங்களின் தொண்டர்கள் தட்டெழுதிய தமிழ் நூல்களை எளிய கோப்புகளாக வைத்துக் காத்தது. பழைய எழுத்துமுறையிலிருந்து யுனிகோடுக்கும் அவற்றை மாற்றிக் கொண்டுவந்தது. எளிதில் எடுத்துச் செல்லக்கூடிய வடிவத்தில் இருந்தவை பிழைத்தன என்பதற்கு நம் மொழியிலேயே கிடைக்கும் சிறந்த உதாரணம் இது.

ஜியோசிட்டீஸின் அந்திமம் 2009இல் வந்தது. அந்த வருஷம் ஏப்ரலில் புதிய குடிகளைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. அக்டோபர் 26ஆம் தேதி சேவை மூடப்பட்டது. குறைந்தது 3 கோடியே 80 லட்சம் பக்கங்கள் அதன் வாழ்நாளில் அங்கே எழுதப்பட்டிருந்தன. அறிவிப்புக்கும் மூடலுக்கும் இடையில் சில மாதங்கள் இருந்தது மெய்தான்; ஆனால் பத்து வருஷத்துக்கு முன் எழுதி வைத்துவிட்டுக் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கும், மின்னஞ்சல் முகவரி மாறிப் போனவர்களுக்கும், காலமாகிவிட்டவர்களுக்கும் அந்த அறிவிப்பினால் என்ன பிரயோஜனம்? ஜேசன் ஸ்காட் முதலிய தன்னார்வலர்கள் ஆர்க்கைவ் டீம் என்ற பெயரில் ஒன்றுகூடி, மூடுவதற்கு முன் இயன்ற மட்டும் பக்கங்களை இறக்கிச் சேமித்து, ஒரு வருஷம் கழித்து 600 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தொகுப்பாக வெளியிட்டார்கள். ப்ரூஸ்டர் கேல் 1996இல் ஸ்தாபித்த இன்டர்நெட் ஆர்க்கைவும் பெரும்பகுதியைக் காப்பாற்றியது. ஜப்பானில் மட்டும் பின்னும் சில காலம் நீடித்த ஜியோசிட்டீஸ், 2019 மார்ச் 31ஆம் தேதியோடு அங்கும் மறைந்தது.

இதற்குள் தொழிலின் அமைப்பே வேறாகிவிட்டது. ஒரு பெரிய யந்திரத்தைப் பல கற்பனை யந்திரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் தனி யந்திரம்போல் இயங்கச் செய்யும் வித்தையை ஐபிஎம் கம்பெனி 1960களிலேயே கையாண்டது. சாதாரண சர்வர்களிலும் அதைச் செய்வதற்கு வழிவகுத்த ஸென் என்ற மென்பொருள், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையிலிருந்து 2003இல் வெளிவந்தது. விபிஎஸ் என்று வழங்கும் இந்த வகையில், அண்டை வீட்டாரின் தொந்தரவு பெரும்பாலும் குறைந்தது. அதற்கு ஈடாக, மென்பொருளைப் புதுப்பித்துக் காக்கும் பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் ஏறியது. 2006 ஆகஸ்டில் அமேசான் கம்பெனி, கற்பனை யந்திரத்தை மணிக்கு 10 சென்ட் வீதம் வாடகைக்கு விடத் தொடங்கியது. கிளவுட் என்ற பெயர் பிரபலமாகி, யந்திரம் எங்கே இருக்கிறதென்று கேட்பதே அநாகரிகம் என்று எண்ணும் அளவுக்கு ஜனங்களின் மனோபாவம் மாறியது.

அந்த மனோபாவத்துக்கு 2021 மார்ச் 10ஆம் தேதி பேரிடி விழுந்தது. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் கம்பெனியின் ஐந்து மாடிச் சர்வர் நிலையம் ஒன்று, நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் தீப்பற்றி முற்றும் அழிந்தது; பக்கத்துக் கட்டடத்தின் ஒரு பகுதியும் சேதமுற்றது. உயிர்ச்சேதம் ஏதுமில்லை. ஆனால் சுமார் 36 லட்சம் வலைத்தளங்கள் நின்றுபோனதாக நெட்கிராஃப்ட் ஸ்தாபனம் கணக்கிட்டது. அவற்றில் பல சில நாட்களில் மீண்டன. சில மீளவே இல்லை. மீளாதவர்களில் சிலர் பேக்கப்புக்கென்று தனியாகப் பணம் கட்டியிருந்தவர்கள். அந்தப் பிரதிகளும் அதே வளாகத்தில் வைக்கப்பட்டிருந்தது தீக்குப் பிறகே அவர்களுக்குத் தெரியவந்தது. 2023இல் பிரெஞ்சு வர்த்தக நீதிமன்றம் ஒன்று, அவ்வாறு நஷ்டமடைந்த வாடிக்கையாளர் ஒருவருக்கு ஈடு கொடுக்கும்படி கம்பெனிக்கு உத்தரவிட்டது. தீர்ப்பு நியாயமானதே, எனினும் எரிந்துபோன கோப்புகளைத் திருப்பித் தரும் சக்தி எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது.

இவ்வளவையும் பார்த்தபின், வெப் ஹோஸ்டிங்கைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவருக்கு என்ன சொல்லலாம்? கட்டுரைகளும் சில படங்களும் கொண்ட சிறு தளத்துக்கு ஷேர்டு ஹோஸ்டிங் தாராளமாகப் போதும்; பண்டிகைக் காலத்தில் திடீரென்று கூட்டம் வரும் கடைக்கு விபிஎஸ் அல்லது கிளவுட் வேண்டும்; அவற்றைப் பராமரிக்கும் அறிவு தமக்கோ தம்மிடம் வேலை செய்பவருக்கோ இல்லையென்றால், பராமரிப்பையும் கம்பெனியே ஏற்கும் வகையை நாட வேண்டும். இவையெல்லாம் குடிபுகும் நாளைப் பற்றிய விசாரணைகள். ஜியோசிட்டீஸின் வீழ்ச்சியும் ஸ்ட்ராஸ்பூர்க்கின் தீயும் போதிப்பது, வெளியேறும் நாளைப் பற்றிய விசாரணையே அதைவிட முக்கியமானது என்பதாகும். டொமைன் பெயர் உங்கள் சொந்தப் பெயரிலேயே பதிவாகியிருக்கிறதா? அப்படியானால் எத்தனை கம்பெனி மாறினாலும் வாசகர் அறிந்த விலாசம் மாறாது. கம்பெனியின் பெயரைச் சுமந்த விலாசத்தில் வாழ்ந்ததுதான் ஜியோசிட்டீஸ் குடிகளுக்கு நேர்ந்த பெரிய துர்ப்பாக்கியம்: தங்கள் பக்கங்களைப் பிரதியெடுத்துக்கொண்டவர்கள்கூட, தம்மைத் தேடி வந்த வாசகர்களை உடன் அழைத்துச் செல்ல வழியில்லாமல் தவித்தார்கள்.

இரண்டாவதாக, கோப்புகள் அனைத்தையும் தரவுத்தளத்தோடு முழுமையாக இறக்கிக்கொள்ள அந்தக் கம்பெனி வழிசெய்து தருகிறதா என்றும், இறக்கியவற்றை வேறோர் இடத்தில் ஏற்றினால் தளம் இயங்குமா என்றும் கேட்க வேண்டும். கேட்பதோடு நில்லாமல் வருஷத்துக்கு ஒருமுறையாவது ஏற்றிப் பார்த்துவிட வேண்டும். மூன்றாவதாக, பிரதி வேறு கம்பெனியில், வேறு ஊரில், முடிந்தால் தம் வீட்டிலும் இருக்க வேண்டும். நான்காவதாக, இலவசமாகக் கொடுப்பவரானால் அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறதென்றும், அந்த வருமானம் வற்றினால் என்ன நேருமென்றும் யோசிக்க வேண்டும். இவற்றுக்குத் தெளிவான விடை சொல்லும் இடம் சற்று விலை கூடியதாக இருந்தாலும் அதுவே தக்க இடம். விடை சொல்லத் தயங்கும் இடம் எவ்வளவு மலிவாக இருந்தாலும் தள்ளத் தக்கது.

முதல் வலை சர்வரை நிறுவிய பெர்னர்ஸ்-லீயே 1998இல், வலை முகவரிகள் மாறாமல் நிலைக்க வேண்டும் என்பதை வற்புறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். முகவரிகள் தாமாக மாறுவதில்லை, மனிதர்களே அவற்றை மாற்றுகிறார்கள் என்பது அவருடைய அபிப்பிராயம். யந்திரங்கள் தேயும், கம்பெனிகள் கைமாறும், இன்று கொழிக்கும் ஸ்தாபனம் நாளைக்கு மூடப்படும். இவற்றில் எதையும் தடுக்கும் அதிகாரம் தளத்தை நடத்துகிறவருக்கு இல்லை. தம் பெயரையும் தம் எழுத்தின் பிரதியையும் தம் கையில் வைத்துக்கொள்ளும் அதிகாரம் மட்டும் அவருக்கு எப்போதும் உண்டு. அதை விட்டுக்கொடுக்கும்படி கேட்காத இடத்தையே அவர் தேடிக் குடிபுக வேண்டும்.